குனிந்தால் கத்தும் கருவி

கடைத்தெருவில் பூட்டுக்காரர் என்று கேட்டால் போதும், யாரும் கைகாட்டிவிடுவார்கள். சாவி தொலைத்தவரின் முகத்தைப் பார்த்தே அது எந்தப் பூட்டு என்று சொல்லிவிடுவாராம். அதில் பாதியாவது நிஜம். அலமாரி அளவுக்கு ஒரு கடை, சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், இடுப்பில் எந்நேரமும் ஒரு கனத்த சாவிக்கொத்து. அந்தக் கொத்தோடுதான் அவர் பிறந்தார் என்பாள் மனைவி. குளிக்கும்போது கழற்றுவார், அதையும் சோப்புக்குப் பக்கத்திலேயே வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் வேறு ஆள். நீளத் தடி, அடியில் தட்டுப்போல ஒரு வளையம், காதில் ஹெட்போன்: மெட்டல் டிடெக்டரோடு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். மனைவி அதற்கு வைத்த பெயர் சின்னவீடு. "போங்க, அவ கூப்பிடுறா" என்று அனுப்பிவைப்பாள்.

அந்தச் சின்னவீடு கூப்பிட்டதெல்லாம் பொய். மூடி, ஆணி, ஜிகினா மிட்டாய்த்தாள். ஈர மணலில் உப்பைக் கண்டாலே ஓலம். ஒருமுறை புதையல் என்று தெருவையே கூட்டி, ஆள் நிற்கிற பள்ளம் தோண்டி, அரை சைக்கிளை எடுத்தார். மற்ற அரையை ஓட்டிக்கொண்டு ஒருவன் இன்னும் கடலுக்கடியில் போய்க்கொண்டிருக்கிறான் என்பது தெருவின் தீர்ப்பு. மானம் போனவர், குறைந்தது மிட்டாய்த்தாளாவது ஏமாற்றாமல் இருக்கட்டும் என்று, சின்ன ஓசைகளை அடக்கும் பொத்தானைப் போட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு மனைவியும் மாமியாரும் கூட வந்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய அந்த அம்மாளுக்கு மறுநாள் காலை புது வேலை, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். குரல் தேர்வுக்கு வந்த இளசுகளையெல்லாம் ஊதித்தள்ளிய குரல். மருமகன் ஒரு துருப்பிடித்த மீன் டப்பாவைத் தோண்டியெடுத்து, கோப்பை வென்றவர்போலத் தூக்கிக் காட்டினார். மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். நேரம் பார்த்து முதுகில் அறைந்தது ஓர் அலை. எழுந்தபோது மேல்வரிசைப் பல்செட்டைக் காணோம்.

"மாப்ளே, ஹல்லு!"

"புதுசு செய்ய ரெண்டு வாரம் ஆகுமேம்மா. நாளைக்கு என்ன பண்ணுவ?" என்றாள் மகள்.

அம்மாள் ஓர் ஊரின் பெயரை அறிவித்துப் பார்த்தார். காற்றுதான் வந்தது. கண்ணில் நின்றதை, கடல் தண்ணீர் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"நா இருக்கேன்ல அத்தை" என்று பூட்டுக்காரர் களத்தில் இறங்கினார். பல்செட்டில் மெல்லிய உலோகத் தகடு உண்டு, கருவிக்குக் கேட்கும். நின்றுகொண்டு வீசினால் சத்தமில்லை. குனிந்து பார்த்தால் வீறிட்டது. தோண்டினார், ஒன்றுமில்லை. நகர்ந்து குனிந்தார், மறுபடி வீறிட்டது. எலி வளை தோற்றது, அத்தனை குழிகள். அலை வேறு ஒவ்வொரு குழியாக விழுங்கிக்கொண்டே மேலே ஏறியது.

"கீழ இரும்புக்கடையே இருக்கு அத்தை!"

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அவர் இடுப்பைக் காட்டினார். மகளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க, நீங்க குனிஞ்சா கத்துது, நிமிர்ந்தா ஊமையாயிடுது. இடுப்புல என்ன தொங்குது?"

சாவிக்கொத்து.

"கழட்டுங்க."

"கடைச் சாவிடி..."

"எங்கம்மா பல்லு உங்க கடையவிட மட்டமா?"

கழற்றினார். மாமியார் அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். கருவி கப்சிப் என்றானது. அந்த அமைதியில்தான் அவருக்கு உறைத்தது: மெல்லிய தகடு மிட்டாய்த்தாள்போலத்தானே முனகும்? அந்த முனகலை அடக்கி வைத்ததே அவர்தான்! அந்தப் பொத்தானை அணைத்துவிட்டார். உப்புக்கு மிரளாமல் இருக்க கருவியின் காதுக்கூர்மையைக் கொஞ்சம் தணித்தார். அவ்வளவுதான், கடற்கரையிலுள்ள குப்பையெல்லாம் ஒன்றாகப் பேச ஆரம்பித்தது. இந்தத் தடவை அவர் எதையும் பொய் என்று தள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் குனிந்தார். தாள், ஊக்கு, தாள், மறுபடி தாள். அலை முழங்காலைத் தொட்டபோது காதோரம் மெலிதாக ஒரு 'கிக்'.

கையை விட்டார். மணலுக்குள் மேல்வரிசை அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

மாமியார் குடிதண்ணீரில் அலசி மாட்டிக்கொண்டு, அதற்குள் கருவியோடு நகர்ந்துவிட்ட மருமகனைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். கடலே ஒரு நொடி பின்வாங்கி நின்று கேட்டது என்பார்கள்.

"பயணிகள் கவனத்திற்கு. சாவிக்கொத்தை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகும் மாப்பிள்ளை, உடனே திரும்பி வரவும்."

அவர் திரும்பவில்லை. "இருங்க அத்தை, இங்க இன்னொண்ணு முனகுது" என்றார், வெறும் இடுப்போடு குனிந்தபடியே.