அரக்கும் மயில்கழுத்தும்

கால்நடை மருத்துவம் படிக்கப் போகும்வரை நான் ஒரு மாட்டையும் தொட்டதில்லை. எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் தறி. மாடு என்றால், காலையில் பால்காரர் ஓட்டி வந்து வாசலில் கறந்துவிட்டு ஓட்டிக்கொண்டு போவது, அவ்வளவுதான். மனிதர்களுக்கு டாக்டராக என் மார்க் போதவில்லை, மாடுகளுக்குப் போதுமாக இருந்தது. அறுபதுகளின் கடைசியில் நான் சென்னைக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, பட்டு நெய்யும் வீட்டுப் பிள்ளை மாட்டுக்கு ஊசி போடப் போகிறானாம் என்று தெருவே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்தபடியே "பத்திரமாப் போய்ட்டு வாப்பா" என்றார். தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடா நிற்கவில்லை.

முதல் வருடம் டிசெக்ஷன் மேஜையில் எனக்கு எதிரே நின்றவன், எங்கள் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊரான தாமலைச் சேர்ந்த தாமல்காரன். அவனுக்குப் பெயர் உண்டு, நான் சொல்லப் போவதில்லை. ஏரிப் பாசனத்தில் நெல் போடும் குடும்பம். அவன் அப்பா அவனைச் சேர்த்துவிடும்போதே கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: ஒரு பாடத்தில் தவறினாலும் திரும்பி வந்து ஏர் பிடிக்க வேண்டியது. இதை அவன் சிரித்துக்கொண்டே எங்கள் எல்லாரிடமும் சொல்லியிருந்தான்.

அவனுக்கு இங்கிலீஷ் புத்தகம் ஏறாது. எனக்குக் கத்தி ஏறாது. ஆகையால் இயல்பாகவே ஓர் ஏற்பாடு அமைந்தது. நான் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பேன், அவன் அறுப்பான். அறுப்பான் என்பதும் சரியில்லை. கத்தியால் தோலைத் திறந்துவிட்டு, பிறகு விரலாலேயே ஒரு தசையை இன்னொன்றிலிருந்து பிரித்துக்கொண்டே போவான். நான் தொட்டால் பிய்ந்து வரும் சதை அவனுக்கு மட்டும் ஓரம் பிசகாமல் பிரிந்து கொடுக்கும். சதை அவனுடையது, பெயர் என்னுடையது. நியாயமான பங்குதான். ஆனால் பேராசிரியர் மேஜைக்கு வந்தால் பெயரைக் கேட்கமாட்டார். "இவன் கையைப் பாருங்க" என்று மற்ற மேஜைக்காரர்களைக் கூப்பிடுவார். எனக்கு வயிறு எரியும்.

மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடம்போடு எலும்பால் சேரவில்லை, விலாவிலிருந்து தோள்பட்டைக்கு விரிந்து போகும் தசைதான் அத்தனை பெரிய உடம்பையும் இரண்டு கால்களுக்கு நடுவே தாங்குகிறது. இதை நான் நான்கு முறை படித்தேன், மனதில் நிற்கவில்லை. தாமல்காரன் தோளை ஒரு கையால் தூக்கிப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏணையில போட்ட கொழந்தை மாதிரி தொங்கிக்கினு இருக்குதுபா" என்றான். மேஜையில் இருந்த ஆறு பேருக்கும் அந்த நிமிடமே புரிந்துவிட்டது. தறியில் பாவு நூலைத் தூக்கும் விழுதுகள் கயிற்றில் தொங்குவதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, படம். அப்பா புடவைக்கு டிசைன் போடும் கட்டத் தாளில் மாட்டின் கழுத்தையும் முண்டத்தையும் வரைந்து, ஒவ்வொரு தசைக்கும் ஒரு நிறம் கொடுத்தேன். நுகத்தடி உட்காரும் இடத்துத் தசைக்கு மாம்பழ மஞ்சள். முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஓடுவதற்கு வெங்காயத் தோல். கழுத்தின் பக்கவாட்டில் மேலே இருக்கும் பிரேக்கியோசெஃபாலிகஸுக்கு மயில்கழுத்து, அதற்குக் கீழே ஓடும் ஸ்டெர்னோசெஃபாலிகஸுக்கு அரக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் ஊசி போடும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. தாளின் ஓரத்தில், நூல்கடை அட்டையில் நூல் மாதிரிக்கு எதிரே பெயர் எழுதியிருப்பார்களே, அப்படி நிறத்துக்கு எதிரே பெயர். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "பேஷ், காலண்டர்ல போடலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தாமல்காரன் மட்டும் சிரிக்காமல், "பரீட்சைக்கு எனக்கு ஒண்ணு போட்டுக் கொடுப்பா, இந்தப் பேரெல்லாம் உன்னாலதான் மண்டையில ஏறுது" என்று கேட்டான்.

பரீட்சைக்கு முன்னால் படிப்பதற்காக விடுமுறை விட்டார்கள். நான் காஞ்சிபுரத்துக்கு வந்தேன். அவன் தாமலிலிருந்து தினமும் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். வந்ததும் என்னிடம் வரமாட்டான், நேராகத் தறிக்குப் போய் அப்பா எதிரே குந்திக்கொள்வான். "இது இன்னா நைனா, அது எதுக்கு நைனா" என்று கேள்வி. அப்பா அதிகம் பேசாத மனிதர். அவனிடம் பேசினார். ஒருநாள் முந்தானையில் ஓர் அன்னத்தைக் காட்டி, "கழுத்து இன்னும் கொஞ்சம் வளைஞ்சா நல்லா இருக்குமே நைனா, உங்க கைக்குத் தெரியாதா?" என்று கேட்டான்.

"தெரியும்பா. ஆனா கட்டத்துல இன்னா இருக்குதோ அதைத்தான் நெய்யணும். நெய்யறவன் கை சொல்றதைக் கேட்டான்னா புடவை கெட்டுடும்" என்றார் அப்பா.

அவன் அதைப் பெரிய வேதவாக்காகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

அப்பாவுக்குப் பல வருடங்களாகக் கழுத்து வலி. குனிந்தே இருக்கும் வேலை. மத்தியானம் குழியிலிருந்து எழுந்திருக்கும்போது பிடரியில் கை வைத்துக்கொண்டு ஒரு முனகல் முனகுவார். அது எனக்கு எங்கள் வீட்டுக் கதவுச் சத்தம் மாதிரி, காதில் விழும், கவனித்ததில்லை. தாமல்காரன் வந்த நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ அந்த முனகலைக் கேட்டான். எழுந்து போய் அப்பாவின் பின்னால் நின்று, பிடரிக்கும் தோளுக்கும் நடுவே கட்டை விரலை வைத்தான். தேடவே இல்லை.

"இங்கதானே நைனா?"

"ஆங்… அங்கதான், அங்கயேதான்."

"எங்க வூட்டு மாட்டுக்கும் இதே எடந்தான் கட்டிக்கும். நொகம் உக்கார்ற எடம்." சொல்லிக்கொண்டே அமுக்கினான். அப்பாவின் கண் மூடிக்கொண்டது, தலை மெல்ல முன்னால் சாய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உன்னைப் பெத்தவன் கொடுத்து வெச்சவன்பா."

நான் கையில் புத்தகத்தோடு தூணருகே நின்றிருந்தேன். அந்தத் தசையின் பெயர் எனக்குத் தெரியும், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும், அதற்கு எந்த நரம்பு போகிறது என்றுகூடத் தெரியும். அப்பாவின் கழுத்தில் அது இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவன் கேட்ட படத்தை முடித்தேன். ரொம்ப அழகாக வந்தது. ஓரத்தில் பெயர் எழுதும்போது அரக்குக்கு எதிரே எழுத வேண்டியதை மயில்கழுத்துக்கு எதிரே எழுதினேன், மயில்கழுத்தின் பெயரை அரக்குக்கு எதிரே எழுதினேன். கை தவறி எழுதவில்லை. நன்றாகத் தெரிந்தே, மை காயும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் படத்தை வாங்கியதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "வாப்பா, மாட்டு மேலயே வெச்சுப் பாத்துடலாம்" என்று என்னை மண்டிக்கு எதிரே வண்டிகள் நிற்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அவிழ்த்துக் கட்டியிருந்த ஒரு காளையின் கழுத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இரண்டு எட்டு நடக்கவிட்டான். படத்தைப் பார்த்தான். மறுபடி நடக்கவிட்டான். வண்டிக்காரர், "இன்னா தம்பி, மாடு வாங்கப் போறியா?" என்று கிண்டல் பண்ணினார்.

"காலை எடுத்து வெக்கறப்ப மேல இருக்கறதுதான்பா இழுக்குது. கைக்கு நல்லாத் தெரியுது" என்றான் என்னிடம். "அதுக்கா இந்தப் பேரு? மேஜையில நீ வேற மாதிரி சொன்னதா ஞாபகம்."

ஒரு வார்த்தை போதும். தப்பாக எழுதிவிட்டேன், கொடு, திருத்துகிறேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். 

"படத்துல இருக்கறதுதான்" என்றேன்.

"அப்போ சரி. நீ போட்டது தப்பா இருக்குமா?" என்று படத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பரிசோதகர் கழுத்தைத்தான் கேட்டார். முன்னங்காலை முன்னால் இழுக்கும் தசை எது என்று கேட்டிருக்கிறார். இவன் சரியான தசையைத் தொட்டுக் காட்டித் தவறான பெயரைச் சொல்லியிருக்கிறான். மார்பெலும்பிலிருந்து தாடைக்குப் போகும் தசை காலை எப்படி இழுக்கும் என்று அவர் சிரித்திருக்கிறார். பிறகு ரத்தக்குழாய்ப் பள்ளத்துக்கு மேலே எது, கீழே எது என்று கேட்க, அதையும் மாற்றிச் சொல்லியிருக்கிறான். ஊசி போடும் இடமே தெரியாதவனா என்று பாதியில் அனுப்பிவிட்டார். அடுத்து உள்ளே போனவன் நான். என்னிடமும் அதையே கேட்டார். நான் சொன்னேன்.

முடிவு வந்தது. எனக்கு உடற்கூற்றில் முதல் மார்க். அவன் அதில் தவறியிருந்தான். செப்டம்பரில் மறுபடி எழுதலாம், ஆனால் அவன் அப்பா சொன்ன சொல் மாறாதவர். பெட்டியை எடுத்துக்கொண்டு தாமலுக்குப் போய்விட்டான். இரண்டு வாரம் கழித்து எங்கள் வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது. நான் ஏர் பிடிக்கிறேன், நீ முதல் மார்க் என்று கேட்டுச் சந்தோஷம் என்று எழுதியிருந்தான். கடைசியில் இப்படி இருந்தது: "படத்தில் உள்ளபடிதான் சொன்னேன். கைக்கு வேறு மாதிரி தெரிந்தது. நைனா சொன்ன மாதிரி கட்டத்தையே நம்பினேன். நான்தான் எங்கேயோ தவறாகப் பார்த்திருக்க வேண்டும். நைனாவின் கழுத்து எப்படி இருக்கிறது?"

என்மேல் அவனுக்குச் சந்தேகம்கூட வரவில்லை. அப்படி இருக்க எனக்கு ஏழு ஜென்மத்திலும் வராது என்று தோன்றியது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அப்பா மத்தியானம் குழியிலிருந்து எழுந்தார். கார்டை வாங்கிப் படித்தார். மடித்து மாடத்தில் வைத்துவிட்டுப் பிடரியில் கை வைத்துக்கொண்டு முனகினார். "நான் பாக்கறேம்பா" என்று பின்னால் போய் நின்றேன். பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"இங்கயா?"

"கீழ."

"இங்க?"

"இல்லப்பா. இன்னும் உள்ள தள்ளி… அது இல்ல. அந்தப் பையன் கை தானாப் போய் உக்காரும்."

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அவருடைய தோளில் கையை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அரக்கை மயில்கழுத்தாகவும் மயில்கழுத்தை அரக்காகவும் எழுதியதை, வண்டி மாட்டுக்குப் பக்கத்தில் அவன் கேட்டும் சொல்லாததை, எல்லாவற்றையும். அவர் திரும்பவில்லை. என் கட்டை விரலுக்கடியில் மட்டும் ஏதோ மெல்ல இறுகி, கல்லாகி, விரலைத் தள்ளியது. அத்தனை நேரம் தேடியும் கிடைக்காத அந்தத் தசை எங்கே இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

"கையை எடு" என்றார்.

மறுநாள் விடிந்ததும் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தாமலுக்குப் பஸ் ஏறப் புறப்பட்டார். என்னைக் கூப்பிடவில்லை. அங்கே போய் என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் செப்டம்பரில் எழுதித் தேறி, மறுபடி வந்து மேஜையில் எனக்கு எதிரே நின்றான்.  "படிப்பா" என்று மட்டும் சொன்னான், நான் புத்தகத்தைத் திறந்தேன்.

அந்தக் காலையில் நான் வாசலில் நின்று அப்பா தெருக்கோடியில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள்ளே பாதிப் புடவையோடு தறி சும்மா கிடந்தது. நான் காலேஜுக்குக் கிளம்பிய அன்றுகூட அவர் தறியை நிறுத்தவில்லை என்றுதான் எனக்கு நினைப்பு ஓடியது.