காது என்ன கருவாடா?

போன மாதம் என் மகள் நிவேதாவுக்குக் காது குத்தினோம். வயது? இருபது. சிரிக்காதீர்கள். குழந்தையில் குத்தியது கீழே. இப்போது மேல் மடலில் ஒரு வளையம் வேண்டுமாம். இடையஞ்சாவடியைத் தாண்டி, ஆரோவில் பக்கம் ஒரு பியர்சிங் ஸ்டுடியோ இருக்கிறது. காலேஜ் தோழிகள் அங்கேதான் குத்திக்கொண்டார்களாம்.

விஷயம் எப்படியோ என் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். “காது குத்துறதுன்னா தாய்மாமன் இல்லாமயா? நானும் வர்றேன்” என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று அடம்பிடிக்காததே பெரிய விஷயம்.

கடைக்குள் கால் வைத்ததும் அண்ணன் ஹெல்த் இன்ஸ்பெக்டராக மாறிவிட்டார். ஊசி புதுசா? முன்னாடி யாருக்காவது குத்தினதா? கிளவுஸை எப்போ மாத்துவீங்க?

குத்துகிறவர் பெயர் பிரகாஷ். முப்பது வயதிருக்கும். அசாத்தியப் பொறுமை. ஆட்டோகிளேவைத் திறந்து காட்டினார். “நம்ம குக்கர் மாதிரிதான் சார். நீராவியை அழுத்தி ஏத்தி கிருமியைக் கொல்லுது. இந்தக் கவர் மேல கோடு கலர் மாறியிருக்குது பாருங்க... அப்பத்தான் உள்ள இருக்கிறது சுத்தமாயிடுச்சின்னு அர்த்தம்.” ஊசிக் கவரை எங்கள் கண்ணெதிரேதான் பிரித்தார். குத்திய மறு நொடி ஊசி அதற்கென்று வைத்திருந்த டப்பாவுக்குள் போய்விட்டது.

அண்ணன் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. இதே பெண்ணுக்கு முதல் காதுகுத்து கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆசாரி கம்பியைத் தன் வேட்டியில் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, என் மகளுக்கும் அவளுக்குப் பிறகு என் நாத்தனார் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் குத்தினார். யாராவது வாய் திறந்தோமா? அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் இருந்த ஒரே பிரச்சினை, வாசல் பேனரில் தாய்மாமன் படம் சின்னதாகிவிட்டது என்பதுதான். அதற்காக அண்ணன் பிரியாணிகூடச் சாப்பிடவில்லை.

கிளம்பும்போது பிரகாஷ் ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலைக் கொடுத்தார். “இது கிருமி நீக்கின உப்புத் தண்ணி. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அடிங்க. வேற எதையும் போடாதீங்க. கையால தொடாதீங்க.”

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காரில் ஏறியதும் ஆரம்பித்தார். “உப்புத் தண்ணியை பாட்டில்ல அடைச்சி மரக்காணத்துக்காரனுக்கே குடுக்கிறான் பாரு!”

மறுநாள் காலையில் வாசலில் நின்றார். கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். உள்ளே, அவருடைய உப்புப் பாத்தியிலிருந்து நேராக மொண்டு வந்த தண்ணீர். உப்பு பூக்கப் போகிற பதம்.

“மாமா, அவரு வேற எதுவும் போடக் கூடாதுன்னாரு” என்றாள் நிவேதா.

“அது மட்டும் என்னவாம்? அதுவும் உப்புத் தண்ணிதான், இதுவும் உப்புத் தண்ணிதான். இது ஒரிஜினல். உப்புல எந்தக் கிருமி பொழைக்கும்? கருவாடு கெட்டுப் போயி பார்த்திருக்கியா?”

“காது என்ன கருவாடா மாமா?”

நியாயமான கேள்வி. ஆனால் அந்த வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தோமே... கேட்போமா? ஊருக்கெல்லாம் வாரா வாரம் புத்தி சொல்லும் உங்கள் பத்தி எழுத்தாளர்தான் பஞ்சை நனைத்துக் கொடுத்தார். ஆமாம், நானேதான். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பழக்கம்.

நான்காம் நாள் மடல் சிவந்தது. ஆறாம் நாள் பழுத்த மிளகாயாகி, சீழ் கட்டி, தலையணையில் சாய முடியாமல் அழுதாள். பாண்டிச்சேரிக்கு ஓடினோம். “குருத்தெலும்பு வரைக்கும் சீழ் போயிடுச்சின்னா மடல் சுருங்கிடும்மா. அதுக்கப்புறம் பழைய காது வராது” என்றார் டாக்டர். என் பெண்ணின் காதை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே!

அண்ணனுக்கு அந்தக் குழப்பமே இல்லை. “எல்லாம் அவன் ஊசி. வா, ஒரு கை பார்க்கிறேன்” என்று ஸ்டுடியோவுக்கு வண்டியை விட்டார்.

பிரகாஷ் சத்தம் போடவில்லை. கையைக் கழுவி, கிளவுஸ் மாட்டி, காதைத் தொடாமல் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான். “எதுல கழுவினீங்க?”

நான்தான் சொன்னேன். எந்தப் பாத்தி என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். “அது உங்க பாத்திங்களா சார்? எங்கம்மா பதினஞ்சு வருசம் அங்கதான் உப்பு வாருனாங்க. பூட்ஸ் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வெறுங்காலு. அவங்க கால்ல வெடிச்ச புண்ணு இன்னும் ஆறல. அந்தத் தண்ணி புண்ணை ஆத்தும்னு உங்களுக்கு யாரு சார் சொன்னாங்க?”

அண்ணன் கார் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மருந்து கேட்டது. மடல் தப்பியது. குத்திய இடத்தில் ஒரு சின்ன முடிச்சு மட்டும் நின்றுவிட்டது. இப்போது அண்ணன் தினமும் காலையும் மாலையும் போன் போடுகிறார். “காது எப்படியிருக்குது? வலிக்குதா? சீழ் வருதா?” மருமகள் மேல் அவ்வளவு உயிர்.

போன வாரம் நானே கேட்டுவிட்டேன். “ஏண்ணா, உப்பளத்துல பொம்பளைங்களுக்கு பூட்ஸ் வாங்கிக் குடுத்தியா?”

“அவங்க யாரும் வலிக்குதுன்னு சொன்னதே இல்லியே?” என்றார்.

கேட்டால்தானே சொல்வார்கள்!