அண்ணா தாமே சொன்ன வாக்கு

ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இம்மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களுள் பெரும்பாலோர் அண்ணா பாடக் கேட்டவர்கள். அவர் பேசக் கேட்டவர்கள் சிலரே. அந்தச் சிலருள் ஒருத்தி என்பதாலேயே இதை எழுதும் பொறுப்பை அம்மா என்னிடம் தந்தார்.

கலஹாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாக அண்ணா பிறந்தார். பேசத் தொடங்கிய நாள் முதலே அவருக்குத் திக்கும். பகர எழுத்தில் தொடங்கும் சொற்கள் அவருக்கு மிகக் கடினமானவை. பாடசாலை இருந்ததோ பேராதனையில். கண்டி பஸ்ஸில் ஏறினால் ‘பேராதனை’ என்று சொல்ல வராது. ஆகவே ‘கண்டி’ என்று சொல்லி டிக்கட் வாங்கி, பேராதனையிலேயே இறங்கிவிடுவார். “கண்டி இன்னும் வரல்லயே தம்பி, நித்திரையா?” என்று நடத்துநர் கேட்பாராம். ஆம் என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போவாராம்.

அவரைவிடப் பத்து வயது இளையவளான நான் முதலாம் வகுப்பில் சேர்ந்ததும் டிக்கட் வாங்கும் வேலை என்னுடையதாயிற்று. கடையில், தபால் கந்தோரில், பின்னாளில் தொலைபேசியில், அவர் தொடங்கும் வாக்கியங்களை நானே முடித்து வைத்தேன். அதை உதவி என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

பாடும்போது அவருக்குத் திக்காது. தோட்டத்துச் சிற்றாலயத்தில் கிடந்த பழைய ஆர்மோனியத்தில் தாமாகவே வாசிக்கப் பழகினார். அப்பாவுக்கு மாநகர சபையில் வேலை கிடைத்து நாங்கள் கண்டிக்குக் குடிவந்த பிறகு, பிள்ளைகளுக்கு கீபோர்ட் கற்பித்தும் திருமண வரவேற்புகளில் வாசித்தும் குடும்பத்துக்குத் தோள் கொடுத்தார். அப்பா காலமான பின் என் படிப்பைச் சுமந்தவர் அவரே. தாளம் பிடிபடாத பிள்ளையை அவர் ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. ஞாயிறுதோறும் எங்கள் ஆலயத்தின் பாடகர் குழாமை நடத்தினார். பதிலுரைப் பாடலில் அவர் ஓர் அடியைப் பாடுவார். சபையார் அனைவரும் அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள்.

அண்ணி கம்பளையைச் சேர்ந்தவர், ஆசிரியை. அவருடைய பாடசாலையில் பாட்டுக் கற்பிக்கச் சென்றபோது இருவரும் அறிமுகமாயினர். பெண் கேட்டுப் போன அன்று அண்ணியின் தந்தையார், “பாட வருது, பேச வரல்ல. கோயில்ல சாமியாரு வாக்குக் கேட்டா என்ன செய்வாரு? போன்ல ரெக்கோட் பண்ணிப் போட்டு விடுவாரா?” என்றார். அண்ணி உள்ளிருந்தே, “பேசுறவங்க எல்லாரும் என்னத்த கிழிச்சாங்கப்பா?” என்று கேட்டார். பேச்சு அங்கேயே முடிந்து, சம்மதம் கிடைத்தது. எனினும் தந்தையார் கேட்ட கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது.

எங்கள் கத்தோலிக்கத் திருமணச் சடங்கில் மணமகன் முழு வாக்கையும் தன் வாயால் சொல்ல வேண்டும். அல்லது குருவானவர் அதனைக் கேள்வியாகக் கேட்க, மணமகன் ‘ஆம்’ என்று மட்டும் சொல்லலாம். நான் அண்ணாவிடம் சொல்லாமல் குருவானவரைச் சந்தித்து, இரண்டாவது முறையைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒத்திகையன்று அது அண்ணாவுக்குத் தெரிந்துவிட்டது.

“நீ... நீ எதுக்குப் போய்க் கேட்ட?”

“உங்களுக்கு லேசா இருக்கட்டுமேன்னு தான்ணா.”

“லேசா இருக்கணும்னு நான் சொன்னேனா? எ... என் பொ... என் பொ...”

“பொண்டாட்டிக்கு” என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். மறுநாள் தனியாகவே போய்க் குருவானவரைப் பார்த்தார். வாக்கைப் பாடலாமா என்று கேட்டாராம்.

“பாட்டு வேற, வாக்கு வேற தம்பி. கச்சேரி மாதிரி ஆகிடக் கூடாது.”

“ஒரு சொல்லும் மா... மாறாது சாமி.”

குருவானவர் நெடுநேரம் யோசித்து இணங்கினார்.

திருமண நாளில் அண்ணியின் வலக்கையைப் பற்றிக்கொண்டு, பதிலுரைப் பாடலுக்கு நாங்கள் வழக்கமாகப் பாடும் மெட்டில் அண்ணா தொடங்கினார். அந்த மெட்டு அவர் நாவுக்கு மிகப் பழகியது; அதனாலேயே அதைத் தேர்ந்தார். சபையாருக்கும் அது அதே அளவு பழகியது என்பதை எங்களில் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. ‘உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அவர் முதல் அடியைப் பாடி நிறுத்தியதும், ஆலயம் முழுவதும் எழுந்து நின்று, ‘உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்று திருப்பிப் பாடிற்று.

குருவானவர் கையை உயர்த்தினார். “எல்லாரும் கட்ட வேணாம். மாப்பிள்ளை மட்டும் போதும்.”

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. அச்சிரிப்பில் அண்ணாவின் மூச்சு கலைந்துவிட்டது. இரண்டாம் அடியில் ‘பிரமாணிக்கமாய்’ என்ற சொல் வரும். உண்மை தவறாமல் என்பது அதன் பொருள். அந்தச் சொல்லின் வாசலில் அவர் நின்றுவிட்டார். பாடும்போது அவருக்குத் திக்கியதை அதுவரை நான் கண்டதில்லை. அன்று திக்கிற்று. உதடுகள் மூடியபடி இருந்தன. சிரித்தவர்கள் தலை கவிழ்ந்தார்கள்.

நான் பாடகர் குழாமில், அவருக்கு மிக அருகில் நின்றேன். அந்தச் சொல் என் நாவில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அண்ணியைப் பார்த்தேன். அவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல, எந்தப் பதற்றமும் இன்றி அண்ணாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

‘பிரமாணிக்கமாய்’ என்று அண்ணா பாடினார். சற்றுச் சுருதி விலகியே வந்தது. பின்னர் கடைசிச் சொல் வரை நிற்கவில்லை. இம்முறை எவரும் திருப்பிப் பாடவில்லை.

அதன் பின் அவர்களுக்கு வாய்த்தது நான்கு ஆண்டுகள். சிறுநீரக நோய் கடைசி இரண்டையும் எடுத்துக்கொண்டது. அந்நாள்களில் அண்ணி பாடசாலையையும் ஆஸ்பத்திரியையும் மாறி மாறிப் பார்த்தார். பாடகர் குழாமின் மூத்த அக்கா ஒருவர் முறை வைத்து ஆட்களை அனுப்பினார். “உங்களுக்கு எதுக்கு அக்கா இந்தக் கஷ்டம்?” என்று அண்ணி தடுத்தபோது, “அன்னைக்கு நாங்களும் தானே புள்ள கோயில்ல ஒன்ன கட்டிக்கிட்டோம்” என்றார் அவர். கட்டிலில் கிடந்த அண்ணா இருமும் வரை சிரித்தார்.

இறுதி வாரத்தில் பாடக் குரல் இல்லை. பேசினார். ஒரு வாக்கியத்துக்கு நீண்ட நேரம் எடுக்கும். நாங்கள் காத்திருந்தோம். அவர் சொன்னவை பெரும்பாலும் சாதாரணமானவை: சாப்பிட்டாயா, பரீட்சை எப்போது, ஜன்னலைச் சாத்து. ஒரு விடியற்காலையில், அண்ணி அருகிலிருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

ஆஸ்பத்திரியில் எங்களோடு விழித்திருந்த தாதியர்க்கும், இரத்தம் கொடுத்த அயலவர்க்கும், முறை தவறாமல் வந்த பாடகர் குழாமினர்க்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த அனைவர்க்கும் எங்கள் குடும்பம் தலை வணங்குகிறது. எவர் பெயரும் விடுபடக் கூடாது என்பதற்காகவே எவர் பெயரையும் எழுதவில்லை. பொறுத்தருள்க.

அச்சுக்குக் கொடுக்குமுன் இக்கட்டுரையை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். ஒரே இடத்தில் மட்டும் திருத்தம் சொன்னார்.

“‘பிரமாணிக்கமாய்’னு பாடினார்னு எழுதியிருக்கீங்களே, அது பிழை.”

“ஏன் அண்ணி? பாடத்தானே செய்தார்?”

“மெட்டெல்லாம் அங்க நின்னுபோச்சு. பக்கத்துல நின்ன எனக்குத் தெரியும்” என்றார் அண்ணி. “அவரு பாடல்ல. சொன்னாரு.”