சம்மதம் கேட்கும் திரை

என் அக்கா திரை வரைகிறவள். அலுவலகங்களின் இணையதளத்தில் பெயர், முகவரி என்று நிரப்பி நிரப்பி நமக்கு மண்டை காய்கிறதே, அந்தத் திரை. ஏசி ரிப்பேர் செய்கிற எனக்கு அந்த வேலை புரியவே பத்து வருஷம் ஆனது. ஒவ்வொரு திரையாக உட்கார்ந்து வரைய மாட்டாள். 'பெயர் மாற்றம்' என்றால் யார் கேட்பது, யார் சம்மதிப்பது, எது முதலில் என்று ஒரே ஒரு பேட்டர்ன் செய்து வைப்பாள். எந்த அலுவலகம் தன் விவரத்தைக் கொடுத்தாலும் மென்பொருள் அதை வைத்துத் திரைகளைத் தானே போட்டுக்கொள்ளும். அந்தப் பேட்டர்ன் அறுபது அலுவலகங்களுக்குப் போயிருக்கிறது. அவளுக்கு அதில் பெருமைதான்.

அக்காவின் கணவர், என் மாமா, இறந்து நாலு மாதம். நல்ல மனுஷர், ஜன்னல் திரைச்சீலையின் நிறத்துக்கே மூன்று மாதம் வாதாடியவர். அக்கா அழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். ஒன்றும் தோன்றவில்லை என்று ஒருநாள் சொன்னாள். எனக்குத்தான் பயமாக இருந்தது.

அக்கா குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம் மாமா பெயரில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அக்கா பெயருக்கு மாற்றாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று குடியிருப்பு அலுவலகம் கடிதம் போட்டது. திங்களன்று இறப்புச் சான்றிதழோடு போனோம். கவுன்டரில் இருந்தவர் வாங்கிப் பார்த்தார், வருத்தப்பட்டார், கணினியைத் தட்டினார். ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் தன் போனில் சம்மதம் சொன்னால்தான் அடுத்த பக்கம் வரும் என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. செத்தவரிடம் சம்மதம் கேட்கிற இதை எந்த அதிமேதாவி செய்தான் என்று கத்தினேன்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "அவரைத் திட்டாத. அது நான் செஞ்சது."

திரும்பும் வழியில் சொன்னாள். ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவரே இறந்திருந்தால் என்ன செய்வது என்று ஒன்பது வருஷத்துக்கு முன்பே, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற பெண் கேட்டாளாம். 'அபூர்வம், பிறகு பார்க்கலாம்' என்று அக்கா குறிப்பு எழுதி வைத்தாளாம். மாமா போனில் நாமே சம்மதம் அழுத்திவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்ட மாட்டேன் என்றுவிட்டாள். மறுநாளே பேட்டர்னைத் திருத்தினாள். ஆனால் புதுத் திரை அந்த அலுவலகத்துக்குப் போய்ச்சேர அடுத்த மாதம் ஆகுமாம்.

வியாழன் மாலை, மறுநாள் கெடு என்பதால் வேறு வழியில்லாமல், அணைத்து அலமாரியில் வைத்திருந்த மாமாவின் போனை எடுத்து உயிர்ப்பித்தாள். கணினியில் விண்ணப்பித்தாள். மேசைமேல் போன் அதிர்ந்தது.

'உங்கள் வீட்டை உங்கள் மனைவி பெயருக்கு மாற்றச் சம்மதமா?' கீழே ஆம், இல்லை. அந்தக் கேள்வியும் அவள் எழுதியதுதான். 'ஆம்' என்பதை அழுத்தினாள். சம்மதம் பதிவாகிவிட்டது, நன்றி என்று வந்தது. வீடு தங்கிவிட்டது.

போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க மாமா எதுக்குமே இவ்வளவு சீக்கிரம் சரின்னு சொன்னதில்லடா" என்றாள்.

இந்தமுறை போனை அணைக்கவில்லை. எழுந்து போய்ச் சார்ஜில் போட்டாள்.