ஹோசியாவின் மேட்டில் முளைத்தது

ஜார்ஜியா மணற்காட்டில், எங்கள் சர்ச் கல்லறையில் ஒருவரைப் புதைத்த மேட்டில் புல் முளைத்தால், செத்தவருக்குக் கேட்க நாதியில்லை என்று அர்த்தம். ஆகஸ்டில் வெளியூர் போன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வரும் ஞாயிற்றுக்கு முந்தின நாள், பெண்கள் மண்வெட்டியோடு இறங்கி, வெறும் வெள்ளை மணல் தெரியும்வரை செதுக்குவோம். ஓசெல்லா முப்பது வருஷம் முன்வரிசையில் நின்று செதுக்கியவள். புருஷன் ஹோசியா போன பிறகு அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

கிறுக்காவது மண்ணாவது! ஹோசியா ஆயுசு முழுக்கப் பைன் காட்டில் உழைத்தவன். குளிர்காலத்தில் காட்டுத் தரைக்குத் தீ வைத்துச் சருகை எரிப்பதும் அவன் வேலைதான். அந்தக் கரியிலிருந்து புல் மாதிரி மெல்லிய வெள்ளி நிற இலைகளோடு ஒரு செடி எழும்பி, அக்டோபரில் மஞ்சளாகப் பூக்கும். ஒரு பூவைத் தொப்பியில் செருகிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். அதே செடி, யாரும் நடாமலே, அவன் மேட்டில் முளைத்தது. அவளுக்கு அதை வெட்டக் கை வரவில்லை. பூக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். ஆகஸ்டில் அது பார்க்க அசல் புல், யார் நம்புவார்கள்? அந்த ஆகஸ்ட் ஞாயிறு முடிந்தால் கல்லறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

இரண்டு வருஷம், செதுக்கும் நாளில் மேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“புருஷனைப் புல்லுக்குள்ள போட்டு வெச்சிருக்கீங்களே, சிஸ்டர். சபைக்கே அசிங்கமா இல்ல?” என்றாள் பெண்கள் குழுத் தலைவி ஐடோனியா.

“படுத்திருக்கிற மனுஷன் ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு ஏன் அரிக்குது?”

மூன்றாம் வருஷம் ஐடோனியா செதுக்கும் நாளை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினாள். ஓசெல்லா அன்றைக்குத் தையல் ஆலையில் இருப்பாள் என்று தெரிந்தேதான். ஞாயிறன்று ஓசெல்லா வந்து பார்த்தபோது ஹோசியாவின் மேடு மொட்டையாகக் கிடந்தது. அவள் அழவில்லை. கொண்டுவந்த கோழி வறுவலை விருந்து மேசையில் வைத்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்:

“தலையைத்தான் வெட்டியிருக்கீங்க. வேரு ஹோசியாகிட்ட பத்திரமா இருக்கு. வரும், பாருங்க.”

அக்டோபரில் ஐடோனியாவின் தம்பி இறந்தான். அடக்கத்துக்குச் சபை முழுதும் கல்லறையில் கூடியது. ஜெபம் முடிந்து திரும்பிய ஐடோனியா அப்படியே நின்றுவிட்டாள். முழங்கால் உயரம் வளர வேண்டிய செடி, வெட்டுப்பட்டும் ஒரு சாண் உயரத்திலேயே, ஹோசியாவின் மேடு முழுக்கப் பூத்திருந்தது.

“இதையா நான் வெட்டினேன்?” ஐடோனியா குனிந்து ஒரு பூவைத் தொட்டாள். “சத்தியமா, வெறும் புல்லுன்னுதான் நெனச்சேன், சிஸ்டர்.”

ஓசெல்லா ஒரு பூவைப் பறித்துத் தன் தொப்பியில் செருகிக்கொண்டாள்.

“வெறும் புல்லாவே இருந்தாலும் அவர் மேல முளைச்சது. அடுத்த வருஷம் வியாழக்கிழமையே நாற்காலியோட வந்துடுவேன்.”