தொப்புள் உள்ள கோலி

துளசிராமனுக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, பீடிகூட இல்லை. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனுஷனுக்குக் கோலிக்குண்டுப் பைத்தியம் இருந்தது. விளையாடுகிற பைத்தியம் என்றால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். இது பொறுக்கிச் சேர்க்கிற பைத்தியம்.

ரயில்வேயில் அவர் கீமேன். கவரப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே தன் பங்குத் தண்டவாளத்தை விடிகாலையில் நடந்தே பார்த்து, தளர்ந்த கிளிப்புகளைச் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். தலை நிமிராமல் நடக்கிற வேலை. கண்ணாடி நூல் இழைக்கும் ஆலைகளுக்கு ஒரு காலத்தில் கண்ணாடியைக் கோலியாக உருட்டித்தான் கூட்ஸ் வண்டியில் ஏற்றி அனுப்புவார்களாம். அங்கே அதை மறுபடி உருக்கி நூலாக இழுப்பார்களாம். வண்டி குலுங்கியபோது சிந்தியவை ஜல்லிக்குள் புதைந்து கிடந்தன. நல்ல மழை பெய்தால் ஒன்றிரண்டு தலை காட்டும். பாசிப் பச்சையில் மங்கிப்போய் இருக்கும். அவற்றை எடுத்து வந்து புளித்தண்ணீரில் போட்டுத் தேய்த்து, பிஸ்கட் டப்பாக்களில் வகை பிரித்து வைப்பார்.

"ஊட்ல அரிசி டப்பா காலி. கோலி டப்பா மட்டும் ரொம்பிக்கினே கீது. ஒரு நாளைக்கு இதையே ஒலையில போடறேன், துன்னு" என்பாள் மணியம்மாள். முப்பது வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள், அந்த அளவுக்குப் பேச அவளுக்கு உரிமை உண்டு.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவர் சில சங்கதிகள் தெரிந்து வைத்திருந்தார். மெஷினில் உருகிய கண்ணாடி துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, மரை போட்ட இரண்டு உருளைகளுக்கு நடுவே விழும். உருளைகள் சுற்றச் சுற்ற உருண்டு போய் மறுமுனையில் முழுக் கோலியாக இறங்கும். எங்கே தடவினாலும் வழவழப்புதான். அதற்கும் முந்திய காலத்தில் எல்லாம் கைவேலை. கம்பி நுனியில் கொழகொழவென்று இருக்கும் கண்ணாடியை உருட்டித் திரட்டிக் கத்தரியால் நறுக்கி எடுப்பார்கள். நறுக்கிய இடத்தில் சின்ன வடு நின்றுவிடும். துளசிராமன் அதைத் தொப்புள் என்பார். சேகரிக்கிறவர்கள் அந்த வடுவுக்குத்தான் உயிரை விடுகிறார்கள். அவருக்கும் சாவதற்குள் ஒன்றாவது கிடைத்துவிட வேண்டும் என்று ஆசை. கிடைத்த கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

போகிக்கு முந்தின நாள். விடியலில் பனியோடு டயர் எரித்த புகையும் சேர்ந்து, நீட்டிய கை தெரியவில்லை. டவுன் லைன் தண்டவாள ஓரத்தில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தான். ஆண் என்று தெரிந்தது. முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. இந்த வேலையில் இப்படி எத்தனையோ பார்த்தாகிவிட்டது. போனில் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே காவல் நின்றார். செத்தவனிடம் செல்போன் இல்லை, பர்ஸ் இல்லை. பை மாட்டியிருந்த தடம் மட்டும் சட்டையின் தோளில் கசங்கித் தெரிந்தது. பையை எவனோ முன்னாலேயே வந்து தூக்கிப் போயிருந்தான்.

"பொணத்துகிட்டகூடத் திருடறானுங்க, த்தூ" என்று வாய்விட்டுத் திட்டினார்.

திட்டிவிட்டுக் குனிந்தவர் கண்ணில் அது பட்டது. இறந்தவன் கைக்கு ஒரு முழம் தள்ளி, ஜல்லி இடுக்கில் நீலக் கோலி ஒன்று. எடுத்துக் கட்டைவிரலால் உருட்டினார். தொப்புள் தட்டுப்பட்டது. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நூறு வருஷத்துச் சரக்கு, ஜல்லியோடு எங்கிருந்தோ வந்து இறங்கியிருக்கிறது என்று நினைத்தார். தினமும் எடுக்கிற மாதிரியே எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் இன்னார் என்று தெரியாமல் ஒருத்தன் மண்ணுக்குள் போனான் என்றால், பாழாய்ப்போன அந்த ஒரு நிமிஷம்தான் காரணம்.

போலீஸ்காரர் வந்து, "பாடி பக்கத்துல எதுனா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்."

பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவே இல்லை. நிறத்தையும் கையில் இருந்த தீக்காயங்களையும் பார்த்து, சிப்காட்டில் இரும்பு உருக்குகிற வடக்கத்திப் பையன் என்று அங்கே நின்ற எல்லோருமாக முடிவு கட்டினார்கள். யாரும் தேடி வரவில்லை. சவக்கிடங்கில் வைத்திருந்து, பிறகு அநாதைப் பிணம் என்று புதைத்துவிட்டார்கள்.

மாசி பிறந்த பிறகு ஒரு நாள், டூட்டி முடிந்து டீக்கடையில் தாவீதைப் பார்த்தார். தாவீது சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டறையில் உலைக்காரர். விளக்குக்கான கண்ணாடிக் கூடு ஊதிச் செய்கிற இடம் அது. சோப்பு டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்து வந்திருந்த கோலியைத் துளசிராமன் பெருமையாகத் திறந்து காட்டினார்.

"நூறு வருஷத்து ஐட்டம்பா. கையால செஞ்சது. தொப்புளைப் பாரு."

தாவீது கையிலேயே வாங்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இது உனுக்கு எங்க கெடச்சுது?"

"லைன்ல. இன்னாப்பா, மூஞ்சி ஒரு மாரி ஆயிடுச்சு?"

"இது எங்க பட்டறை நீலம்ணா. சிம்மாச்சலம் செஞ்சது."

சிம்மாச்சலம் ஸ்ரீகாகுளம் பக்கத்து ஆள். ஷிப்டு முடிகிறபோது ஊதுகுழல் நுனியில் ஒட்டிய மிச்சக் கண்ணாடியை வீணாக்காமல், நனைத்த மரக்கரண்டியில் உருட்டி, கத்தரியால் நறுக்கி, விளக்குக் கூடுகள் ஆறுகிற அடுப்பில் ஓரமாகச் செருகி வைப்பான். அவசரமாக ஆறினால் விரிசல் விட்டுவிடும் என்று காலைவரை காத்திருந்து எடுப்பான். எல்லாம் மகளுக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்று விடியலில் கிளம்பினவன் போய்ச் சேரவில்லை. தாவீது சொல்லி முடித்ததும், கோலி கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் கையெல்லாம் தீக்காயத்தோடு கிடந்த பிணத்தைப் பற்றித் துளசிராமன் சொன்னார்.

"நீங்க தேடலியா?"

"எங்க தேடறது? எவளோடயோ பஸ் ஏறினான்னு சூப்பர்வைசர் சொல்ட்டான். நாங்களும் நம்பிட்டோம். அவனுக்குப் போன் கெடையாது, என் போன்லதான் ஊருக்குப் பேசுவான். அவன் பொண்டாட்டி தெனமும் எனுக்கு அடிச்சுக் கேக்குது. ஓடிட்டான்னு நானும் சொல்ட்டேன்ணா. பேஜாராப் பூட்ச்சு."

செத்தவன் பக்கத்தில் கிடந்த கோலியை அன்றைக்கே போலீஸ் கையில் கொடுத்திருந்தால், கேட்டுக் கேட்டு எப்படியும் இந்தப் பட்டறைக்கு வந்திருப்பார்கள். தாவீதும் கிடங்குக்குப் போய் அந்தத் தீக்காயங்களைப் பார்த்திருப்பார். உடம்பு ஊருக்குப் போயிருக்கும். துளசிராமனுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போலீஸிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றார். தாவீது தலையாட்டினார். ஆனால் முதலில் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும். தாவீதுக்குத் தெலுங்கு அரைகுறை. துளசிராமனுக்கு வீட்டுப் பாஷையே தெலுங்கு. எண்ணைப் போட்டுத் தாவீது போனை அவர் கையில் திணித்தார்.

தெலுங்கில்தான் பேசினார்கள். தான் ரயில்வே ஆள் என்றார். போகிக்கு முந்தின நாள் உன் புருஷன் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனான் அம்மா, ஊருக்குத்தான் கிளம்பி வந்துகொண்டிருந்தான் என்றார்.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வரவில்லை.

"அப்படின்னா ஓடிப்போகலையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஓடிப்போகல."

"கண்டுபிடிச்சுச் சொன்னீங்களே அய்யா, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

அந்த வாழ்த்தை அவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. கோலியை எடுத்தது, பாக்கெட்டில் போட்டது, ஒன்றுமில்லை என்று சொன்னது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். திட்டட்டும் என்றுதான் சொன்னார். நாலு வார்த்தை அசிங்கமாகத் திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் திட்டவில்லை.

"ஓடிப்போன உங்கப்பன் செத்துட்டான்னு சேதி வந்தாக்கூட நீ அழக்கூடாதுன்னு என் பொண்ணுகிட்டச் சத்தியம் வாங்கி வெச்சிருக்கேன் அய்யா" என்றாள். "இதோ பக்கத்துலதான் உக்கார்ந்திருக்கு. இப்போ நான் போய் அதுகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"