சம்மதமா என்ற கட்டம்

மும்பை மாதுங்காவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு அப்பாதான் செயலாளர். அதனால் வரன் பதிவுகளைக் கணினியில் ஏற்றிப் பொருத்தம் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. "ஆபீஸ்ல இதத்தானே பண்றே, நமக்கும் பண்ணிக் குடேன்" என்றார். தினமும் கிங்ஸ் சர்க்கிளில் ஏறி, வடாலாவில் மாறி, வாஷிக்குப் போய் நான் செய்வது அதைத்தான். ஆட்கள் இஷ்டத்துக்கு எழுதி வைத்ததை எண்ணாக, தேதியாக, ஆம் இல்லையாகப் பைத்தான் என்ற கணினி மொழியில் மாற்ற வேண்டும். அந்த வேலை எனக்கு உயிர். நான் யாருடைய பெண் என்று யாரும் கேட்காத இடம் அது ஒன்றுதான்.

வரன் தாள்கள் எரிச்சலைக் கிளப்பின. வயது கேட்ட கட்டத்தில் "இருபத்தெட்டு முடிந்து நடப்பு" என்று எழுதினால் பைத்தான் அதை எப்படி எண்ணாக்கும்? பிழை என்று அங்கேயே நின்றுவிட்டது. உயரமும் சம்பளமும் அதே கதை. திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். "கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சம்மதமா?" என்ற கட்டம் மட்டும் ஒரு சத்தமும் போடாமல் மாறியது. சமர்த்து என்று அடுத்ததற்குப் போய்விட்டேன்.

சில நாளில் அப்பா வாயெல்லாம் பல்லாக வந்தார். நெருளிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருகிறதாம். "எல்லாம் பொருந்தியிருக்கு. வேலைய விடறதுக்கும் நீ சரின்னு வந்திருக்கு பாரு."

என் தாளை நிரப்பிக்கொண்டிருந்த அப்பா கையிலிருந்து அதைப் பிடுங்கி, அந்தக் கட்டத்தை மட்டும் நானே நிரப்பியிருந்தேன். "சம்மதமில்லை" என்றுதான் எழுதினேன்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். எழுத்தை நேராக ஆம் இல்லையாக மாற்றச் சொன்னால் பைத்தான் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. கட்டத்தில் ஏதாவது இருந்தால் ஆம், காலியாக இருந்தால் இல்லை. "முடியாது" என்றவளும் ஆம், "யோசித்துச் சொல்கிறேன்" என்றவளும் ஆம். ஒன்றும் எழுதாமல் விட்டவர்கள் மட்டும் தப்பித்திருந்தார்கள்.

"சம்மதம்" என்று மட்டும் எழுதியிருந்தால்தான் ஆம் என்று திருத்தி மறுபடி ஓட்டினேன். எனக்குப் பொருந்திய வரன் ஒன்றுகூட வரவில்லை. அப்பாவுக்குத் திரையைக் காட்டினேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கெஞ்சினார்.

"பழையபடியே இருக்கட்டுமேடி. அவா வரேன்னு சொல்லிட்டா."

"வந்தா நேராவே சொல்லிடுவேன்ப்பா."

"சொல்லு. யார் வேண்டாம்னா?"

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காத்திருக்கவில்லை.

"மாமி, நான் வேலைய விடமாட்டேன். உங்களுக்கு வந்த பதில் தப்பு."

குரல் நடுங்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

மாமி முகம் மலர்ந்து அப்பா பக்கம் திரும்பினார். "நன்னா மனசு விட்டுப் பேசறாளே! நானும் கல்யாணத்துக்கு முன்னாடி பேங்க் வேலைய விடமாட்டேன்னுதான் சொல்லிண்டிருந்தேன். நம்மாத்துக்கு வந்தா எல்லாம் சரியாயிடும். நாள் பார்த்துடலாமா?"

என் கை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பஞ்சாங்கத்தை எடுக்க எழுந்தார்.